தண்டுவடத்தில் நரம்பு வளருமா? ஊசிக்காகத் தோட்டத்தை விற்கும் முன்

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. தென்னை ஏறுவதுதான் தொழில். ஏழு மாதத்துக்கு முன் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் டி9 என்கிற நடுமுதுகு எலும்பு நொறுங்கிவிட்டது. அன்றே ராடு, ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலிருந்து கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் ‘ஏஷியா - ஏ’ என்று எழுதியிருக்கிறது. இப்போது நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்டெம் செல் ஊசி மூன்று தடவை போட்டால் நரம்பு புதிதாக வளரும், நாலரை லட்சம் ஆகும் என்கிறார்கள். எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர் தோட்டம். அதை விற்கப் பேசி வைத்திருக்கிறோம். ஒரு நல்ல அறிகுறியும் தெரிகிறது. இரண்டு மூன்று மாதமாகக் கால் தானாக வெட்டி வெட்டி இழுக்கிறது, இந்த இரண்டு வாரமாக அது ரொம்ப அதிகம். நரம்பு உயிர் பெறுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். யூரின் ட்யூப் போட்டபடியேதான் இருக்கிறார். யூரின் கொஞ்சம் கலங்கலாக, வாடையாக வருகிறது. இடுப்புக்குக் கீழே பின்னால் ஒரு ரூபாய் காசு அளவு புண் இருக்கிறது, மருந்து போடுகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை, கல்யாணமாகி இரண்டு வருடம்தான். நிலத்தை விற்கலாமா டாக்டர்? நரம்பு வளருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிலத்தை விற்க வேண்டாம். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உடனே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. கால் வெட்டி இழுப்பதை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கவலை தரும் செய்தி.

தண்டுவடம் ஒரு இடத்தில் நசுங்கினால் அதற்குக் கீழே உள்ள பகுதி செத்துப்போவதில்லை. அது உயிரோடுதான் இருக்கிறது. மூளையோடு அதற்கு இருந்த தொடர்புதான் போய்விட்டது. விழுந்த புதிதில் சில வாரங்கள் அந்தப் பகுதி அதிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும், கால்கள் துணி மாதிரித் தொய்ந்திருக்கும். அதன் பிறகு மூளையின் கட்டுப்பாடு இல்லாமலே அது தன்னிச்சையாக வேலை செய்யத் தொடங்கும். போர்வை உரசினாலும் கால் மடங்கும், புரட்டும்போது விறைக்கும். டி9 காயத்தில் இது பெரும்பாலும் வரக்கூடியதுதான். கால் அசைந்ததா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவர் நினைத்தபோது அசைந்ததா என்று பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, ‘வலது கால் கட்டை விரலை மேலே தூக்குங்க’ என்று பத்துத் தடவை சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் நேரத்தில் மட்டும் அசைந்தால் அது மூளையிலிருந்து வரும் கட்டளை. சொல்லாத நேரத்தில் இழுப்பது தண்டுவடத்தின் தனி ஆட்டம்.

அந்த ஆட்டம் இரண்டு வாரமாகத் திடீரென்று கூடியிருக்கிறது, அதே சமயம் யூரின் கலங்கி வாடையடிக்கிறது, புண்ணும் இருக்கிறது. இவை மூன்றும் ஒரே கதை. உணர்வு இல்லாத உடம்பு வலியை வலியாகச் சொல்ல முடியாமல் இழுப்பாகச் சொல்கிறது. சிறுநீர்ப்பையில் கிருமி, கல், ட்யூப் அடைப்பு, படுக்கைப் புண், மலச்சிக்கல், ஏன், காலில் சதைக்குள் வளர்ந்த நகம் கூட இழுப்பை ஏற்றிவிடும். நாளை காலையே அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் பழைய ட்யூபை எடுக்கச் சொல்லுங்கள், புதிதாகப் போட்ட ட்யூபிலிருந்து எடுத்த யூரினை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கணவருக்கு இது எளிதாகப் புரியும். தென்னைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் மரம் போயிற்று. முருங்கையை எங்கே ஒடித்தாலும் துளிர்க்கும். கை காலில் ஓடும் நரம்பு முருங்கை மாதிரி. மணிக்கட்டில் வெட்டுப்பட்டு நரம்பு அறுந்தால், தைத்துவிட்டபின் அது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து விரல் நுனி வரை போய்ச் சேரும். மூளையும் தண்டுவடமும் தென்னை மாதிரி, அறுந்தால் அறுந்ததுதான் என்று மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ கஹால் தன் நுண்ணோக்கியில் பார்த்து அப்படித்தான் எழுதிவைத்தார். வருங்கால அறிவியல் இதை மாற்றட்டும் என்றும் விரும்பினார்.

அந்த நம்பிக்கையை அசைத்த சோதனை 1981-ல் வந்தது. கனடாவின் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ என்ற இருவர் எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மூளைத் தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பாலம் போல வைத்தார்கள். வளராது என்று சொல்லப்பட்ட தண்டுவட நரம்பிழைகள் அந்தப் பாலத்துக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் வளர்ந்தன. பாலம் முடிந்து மறுபடி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. ஆக, அந்த இழைகளுக்கு வளரும் திறன் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. அவை நிற்கும் மண்தான் பெரிய தடை.

அந்த மண்ணில் என்ன கோளாறு என்பதை நாற்பது வருடமாக ஆராய்கிறார்கள். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்புறையில் வளர்ச்சியை நிறுத்தும் புரதங்கள் இருக்கின்றன. அதில் முக்கியமான ஒன்றுக்கு ‘நோகோ’ என்று பெயர், சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் குழுவின் வேலையிலிருந்து வெளிவந்தது. காயம் பட்ட இடத்தில் தழும்பும் உண்டாகிறது. அதிலுள்ள சர்க்கரை கலந்த சில புரதங்கள் இழையைத் தடுத்து நிறுத்துகின்றன. கை நரம்பில் சிதைந்த குப்பையைச் சில வாரங்களில் உடம்பு சுத்தம் செய்துவிடும், தண்டுவடத்தில் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடக் கிடக்கும். போதாததற்கு, வயது வந்தவரின் நரம்புச் செல்லுக்கு உள்ளேயே வளர்ச்சி வேகம் குறைந்துவிடுகிறது. இத்தனையும் தாண்டி ஓர் இழை வளர்ந்தாலும், சரியான இடத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். டி9-லிருந்து காலை அசைக்கும் செல்கள் இருக்கும் இடம் வரை பல சென்டிமீட்டர் தூரம். தப்பான இடத்தில் போய் இணைந்தால் வலியும் இறுக்கமும்தான் மிஞ்சும்.

இவ்வளவு விவரம் எதற்கு என்றால், ‘மூன்று ஊசியில் நரம்பு வளரும்’ என்று சொல்பவர் இவற்றில் எதைத் தீர்த்துவிட்டார் என்று நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

உலகத்தில் நேர்மையாக இந்த வேலையைச் செய்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோகோ புரதத்தைத் தடுக்கும் மருந்தை ஐரோப்பாவில் கழுத்துத் தண்டுவடக் காயம் பட்ட 126 பேரிடம் சோதித்தார்கள். விழுந்து 4 முதல் 28 நாளுக்குள் தொடங்கி, மருந்தை முதுகுத் தண்டு நீரில் ஆறு முறை செலுத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் திரவம். 2024 இறுதியில் வந்த முடிவு: மொத்தமாகப் பார்த்தால் இரு தரப்புக்கும் கைகளின் பலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கொஞ்சம் உணர்வோ அசைவோ மிச்சமிருந்தவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும் சில அறிகுறிகள் தெரிந்தன. ஜப்பானின் கேயோ பல்கலைக்கழகத்தில், சாதாரண உடல் செல்லை மறுநிரலாக்கம் செய்து ஸ்டெம் செல்லாக மாற்றிய ஐபிஎஸ் செல்களிலிருந்து வளர்த்த நரம்பு முன்னோடிச் செல்களை நான்கு பேருக்கு, ஆளுக்கு 20 லட்சம் வீதம் வைத்தார்கள். அதுவும் காயம் பட்ட 14 முதல் 28 நாளுக்குள். 2025 மார்ச்சில் அறிவித்தபோது இருவரிடம் நல்ல முன்னேற்றம் இருந்தது, அதில் ஒருவர் துணையில்லாமல் நிற்கிறார். எனக்கும் அதைப் படித்தபோது மனது நிறைந்தது. ஆனால் நான்கே பேர், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லை, முதல் மாதங்களில் உடம்பு தானாகவே ஓரளவு மீளக்கூடிய காலமும் அதுவே. செல்லால் வந்த பலன் எவ்வளவு, தானாக வந்தது எவ்வளவு என்று அவர்களே பிரித்துச் சொல்லவில்லை. பெரிய ஆய்வு வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

தண்டுவடத்தின் மேல் மின்தகடு வைத்துச் சிலரை நடக்க வைத்த சுவிட்சர்லாந்துக் காட்சிகளை உங்கள் போனில் யாராவது அனுப்பியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அடிப்படையில் அது அறுந்த நரம்பை வளர்க்கும் சிகிச்சை இல்லை. காயத்துக்குக் கீழே உயிரோடு இருக்கும் பகுதியை மின்சாரத்தால் தூண்டி வேலை வாங்குவது.

இவ்வளவு பெரிய ஆய்வகங்கள் நாலு பேர், நூறு பேர் என்று எண்ணிக்கொண்டு தயங்கும் இடத்தில், நாலரை லட்சத்துக்கு ஒருவர் உறுதி தருகிறார் என்றால் அந்த உறுதியை நான் நம்ப மாட்டேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சில தேவைகளுக்கு எலும்பு மஜ்ஜைச் செல் மாற்று செய்வது தவிர, வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாக விற்கக் கூடாது. ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வு என்றால் அது சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், பங்கேற்பவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து ‘உங்க சிடிஆர்ஐ பதிவு எண் என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். எண் இல்லை என்றால் அது ஆய்வு இல்லை. எண் இருந்தும் பணம் கேட்டால் அது முறை இல்லை. இரண்டில் எதுவானாலும் தோட்டம் உங்களிடமே இருக்கட்டும்.

ஊசியால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று உறவினர்கள் சொல்வார்கள். கெடுதல் உண்டு. போர்ச்சுகலில் மூக்கின் உட்புறத் திசுவை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு, எட்டு வருடம் கழித்து முதுகு வலி வந்தது. திறந்து பார்த்தபோது தண்டுவடத்தில் சளி சுரக்கும் கட்டியாக அது வளர்ந்திருந்தது. 2014-ல் அந்த அனுபவத்தை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இன்னொரு இழப்பும் இருக்கிறது. நாளைக்கு உண்மையான ஆய்வு ஒன்று நம் ஊருக்கு வந்தால், முன்பே இப்படி ஏதாவது செல் ஊசி போட்டவர்களைப் பல ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. வரக்கூடிய கதவைக் காசு கொடுத்து நாமே சாத்துவதாகிவிடும். நிலத்தை விற்று ஊசி போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வரும்போது ஏர் பெட் வாங்கக்கூட அவர்கள் கையில் பணம் இருந்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நரம்பு மாத்திரை பற்றி ஒரே வரி: பி12 குறைவு இருந்தால் அதற்கு நல்லது, தண்டுவடத்தை அது வளர்க்காது. எண்ணெய் மெதுவாகத் தடவலாம், ஆனால் காலை முறுக்கி நீவ விடாதீர்கள். ஏழு மாதம் நிற்காத தொடை எலும்பு மெலிந்திருக்கும், எளிதில் முறியும். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

இப்போது அந்த ‘ஏ’ எழுத்து. ஏஷியா என்பது தண்டுவடக் காயம் எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் அளவுகோல், அதில் ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள் உண்டு. ஏ என்றால் முழுக் காயம். எதை வைத்து முழுக் காயம் என்கிறார்கள் தெரியுமா? கால் அசைகிறதா என்பதை வைத்து இல்லை. ஆசனவாயைச் சுற்றித் தொடு உணர்வு, குத்து உணர்வு இருக்கிறதா, உள்ளே விரல் வைத்து அழுத்தினால் தெரிகிறதா, அவரால் அதை இறுக்க முடிகிறதா என்பதை வைத்து. கூச்சம் தரும் பரிசோதனை. அவசரப் பிரிவின் நெருக்கடியில் சரியாக நடக்காமலும் போகலாம். விழுந்த அன்று அதிர்ச்சி நிலையில் எழுதிய ‘ஏ’, வாரங்கள் கழித்துப் பார்த்தால் சிலரிடம் மாறியிருக்கும். உங்கள் கடிதத்தில் அதற்குப் பிறகு யாரும் மறுபடி பார்த்ததாகத் தெரியவில்லை. மறுவாழ்வு மருத்துவர் ஒருவரிடம் அதை முழுமையாகச் செய்யச் சொல்லுங்கள். அங்கே துளி உணர்வு இருந்தாலும் எதிர்பார்ப்பு வேறு, பயிற்சி வேறு. இல்லாவிட்டால், டி9-ல் முழுக் காயம், ஏழு மாதம் கடந்துவிட்டது என்ற நிலையில், கால் பழையபடி நடப்பது மிக அரிது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. இயல்பாக வரும் மீட்சியில் பெரும்பகுதி முதல் ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் வந்துவிடும். சிறு மாற்றங்கள் அதற்குப் பிறகும் வரலாம்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் அழுவீர்கள் என்று தெரியும். அழுங்கள். ஆனால் அவரிடம் இதை மறைக்காதீர்கள். நடந்துவிடுவேன் என்று காத்திருப்பவர் வீல்சேரில் உட்கார மாட்டேன் என்பார், உட்காராதவருக்குப் புண் வரும். உங்கள் வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன்.

டி9 காயத்தில் கைகள் இரண்டும் முழு பலத்தோடு இருக்கும். மரம் ஏறிய கை வேறு. மூன்று மாத முறையான பயிற்சியில் தானாகக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, குளிப்பது, உடுத்துவது, மலம் கழிக்கும் நேரத்தை ஒழுங்கு செய்துகொள்வது, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் கடைத்தெருவுக்குப் போவது எல்லாமே அவரால் முடியக்கூடியவை. வேலூர் சிஎம்சி-யின் மறுவாழ்வு மையம், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் ஆகிய இடங்களில் இந்தப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். வேலூர் மையத்தைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆய்க்குடியில் 1981-ல் சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் அசையாமல் போனவர். இவர்களுக்கு நரம்பு வளரவில்லை. உங்கள் கணவர் ஒரு தடவை அங்கே போய், தன்னைப் போன்றவர்களோடு நாலு நாள் இருந்து பார்க்கட்டும். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது அதிகம் செய்யும்.

யூரின் ட்யூப் விஷயத்தில் ஒரு மாற்றம் வேண்டும். மாதக்கணக்கில் நிரந்தரமாக ட்யூப் வைத்திருப்பது கிருமிக்கும் கல்லுக்கும் வழி. 1972-ல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் ஒரு எளிய முறையைச் சொன்னார்: சுத்தமாகக் கழுவிய கையால் சிறு ட்யூபை நாளுக்கு நாலைந்து தடவை செலுத்தி, பையைக் காலி செய்துவிட்டு எடுத்துவிடுவது. கை நன்றாக இருப்பதால் அவரே கற்றுக்கொள்வார். ஒரு தடவை வெளிவருவது 400 மில்லியைத் தாண்டாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். இப்போதிருக்கும் கிருமி அடங்கியதும் மருத்துவரைக் கேட்டு இதற்கு மாறுங்கள், நீங்களாக ட்யூபை எடுத்துவிட வேண்டாம்.

இரண்டாம் உலகப்போர் வரை தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வருடத்தில் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது அறுந்த நரம்பு அல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் பொறுப்பேற்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுராத்திரியிலும், நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். பிழைத்து எழுந்தார்கள். உங்கள் வீட்டிலும் அதே இரண்டு மணிக் கணக்குதான். புண் ஆறும் வரை அதன் மேல் எடை விழவே கூடாது. மல்லாந்து படுப்பதை நிறுத்தி, இடப்பக்கம், வலப்பக்கம், பழகியதும் குப்புற என்று மாறி மாறிப் படுக்கட்டும். களிம்பு எவ்வளவு நல்லதானாலும் அழுத்தம் நீங்காமல் புண் மூடாது. வீல்சேரில் உட்காரத் தொடங்கியபின் அரை மணிக்கு ஒரு தடவை முன்னால் குனிந்து ஓரிரு நிமிடம் இருக்க வேண்டும்.

கடிதத்தின் முடிவில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள், குழந்தை பற்றி. தயங்க வேண்டாம், இது மருத்துவக் கேள்விதான். டி10-க்கு மேலே காயம் பட்ட ஆண்களில் பெரும்பாலோருக்கு, அதிர்வுக் கருவி ஒன்றின் உதவியால் விந்து எடுக்க முடிகிறது. அது பலிக்காவிட்டால் வேறு வழிகளும் உண்டு. விந்தணுவின் ஓட்டம் குறைந்திருக்கலாம், அதனால் குழந்தைப்பேறு மருத்துவரின் துணை தேவைப்படும். புண்ணும் தொற்றும் ஆறியபின் இருவரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள். நாலரை லட்சத்தில் ஒரு பங்கைச் செலவு செய்ய இது நியாயமான இடம்.

யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை, வீல்சேர், பக்கச் சக்கர ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் அங்கேதான் மனு கொடுக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு ஒரு ஸ்கேலை எடுத்துப் புண்ணின் நீளம், அகலத்தை அளந்து தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். யூரின் கல்ச்சர் முடிவையும் கீழே எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புண்ணை மறுபடி அளந்து, இரண்டு அளவையும், மறுபரிசோதனையில் என்ன எழுத்து வந்தது என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.